யாரா பள்ளத்தாக்கு ஒயின் டூர்: கிளம்பும் முன் எல்லாரும் கேட்கிற கேள்விகள்

மெல்பர்னில் வீடு இருக்கிறது என்றாலே ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் பாதி டிராவல் ஏஜென்ட் மாதிரிதான். கிரேட் ஓஷன் ரோடு, பெங்குயின் பார்க்கிற தீவு, இரண்டும் முடிந்ததும் மூன்றாவது நாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும்: “இங்கே ஒயின் டூர்னு ஏதோ இருக்காமே?” நண்பர்கள், மைத்துனர், பெரியப்பா மகன், ஒரு தடவை என் அம்மா என்று பலரோடு போய் வந்துவிட்டேன். ஒவ்வொருவரும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். வாட்ஸப்பில் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டூர் என்றால் சரியாக என்ன நடக்கும்?

காலை 9 மணி வாக்கில் நகரத்தின் நடுவில், பெரும்பாலும் ஃபெடரேஷன் ஸ்கொயர் பக்கம், வேனோ சிறிய பஸ்ஸோ வந்து ஏற்றிக்கொள்ளும். வடகிழக்கே ஒரு மணி நேரம் ஓடினால் யாரா பள்ளத்தாக்கு. லிலிடேல் தாண்டியதும் வீடுகள் குறைந்து மேய்ச்சல் நிலமும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடியும் தெரிய ஆரம்பிக்கும். முதல் ஒயினரியில், அதாவது ஒயின் செய்கிற இடத்தில், டேஸ்டிங் பத்தரை மணிக்கு. ஆமாம், காலை பத்தரை. அப்புறம் இன்னொரு ஒயினரி, மதியச் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ. சில டூர்களில் கடைசியாக சாக்லேட் கடையிலோ சீஸ் கடையிலோ நிறுத்துவார்கள். மாலை ஐந்து, ஐந்தரைக்குள் ஏற்றிய இடத்திலேயே இறக்கி விடுவார்கள்.

நான்கு ஒயினரிக்கு மேல் சொல்கிற டூரை எடுக்காதீர்கள். ஐந்தாவது இடத்தில் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே சிவப்புத் தண்ணீர்தான்.

எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாதே, போனால் அசிங்கமாகிவிடாதா?

பஸ்ஸில் இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் தெரிந்த மாதிரி தலையாட்டுகிறவர்கள். அதை விடுங்கள். இதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. சிவப்பு ஒயினை வாயில் வைத்ததும் ஈறும் நாக்கும் ஒரு மாதிரி இழுத்துப் பிடிக்குமே, அதற்கு அவர்கள் டானின் என்று பெயர் சொல்லி ஐந்து நிமிடம் விளக்குவார்கள். பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரப் பெண்மணி அது கசப்பா புளிப்பா என்று குழம்பிக்கொண்டிருப்பார். நமக்கு விளக்கமே வேண்டாம், அது துவர்ப்பு. வாழைப்பூவை நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டிருக்கிறீர்களா, கொட்டைப்பாக்கு மென்றிருக்கிறீர்களா, நாவல்பழம் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டியிருக்கிறீர்களா? அவ்வளவுதான். அறுசுவையில் ஒன்றாகவே வைத்து வளர்த்த சுவை அது.

வெள்ளை ஒயினில் முக்கியம் புளிப்பு. ரசத்தில் புளி தூக்கலா மட்டா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கு இதுவும் வரும். வாசனையைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: அவர்கள் கூஸ்பெரி என்று சொல்வது நம் நெல்லிக்காய் இல்லை, வேறு காய். உங்களுக்குக் கொய்யா வாசனை வந்தால் கொய்யா என்றே சொல்லுங்கள். நான் ஒரு தடவை சாவின்யோன் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயினை முகர்ந்துவிட்டு மாங்காய் கீறின கத்தி மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். ஊற்றிக்கொண்டிருந்த பையன் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

டேஸ்டிங்கில் என்ன செய்யவேண்டும்? துப்பச் சொல்வார்களாமே?

கவுன்டர் முன்னால் நிற்பீர்கள் அல்லது மேசையில் உட்கார வைப்பார்கள். ஒரு தடவைக்கு சுமார் 30 மில்லி, அதாவது கண்ணாடி கிளாஸின் அடியில் ஒரு சின்னக் குளம் மாதிரி ஊற்றுவார்கள். முதலில் நுரைக்கிற ஸ்பார்க்ளிங், பிறகு வெள்ளை, இளஞ்சிவப்பான ரோஸே, சிவப்பு, இனிப்பு ஒயின் இருந்தால் கடைசியில். கனமானதை முதலில் குடித்தால் அப்புறம் வருகிற மெலிதான ஒயின் செத்துப்போகும், அதனால்தான் இந்த வரிசை. கிளாஸை அதன் காலைப் பிடித்துச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் வாய்க்குள் உருட்டிப் பாருங்கள். படம் காட்டுவதற்காக இல்லை, சுவையில் பெரும்பகுதி மூக்கு வழியாகத்தான் தெரியும்.

துப்புவது உங்கள் விருப்பம். மேசையில் இதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். நம் தாத்தாக்கள் வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கம்தான் அது, பித்தளைக்குப் பதில் எவர்சில்வர் அல்லது பீங்கான். துப்புவதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் துப்புவார்கள். வெட்கமாக இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அதில் ஊற்றிவிடுங்கள். பிடிக்காத ஒயினைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கவேண்டும், காசு கொடுத்திருக்கிறோமே என்கிற நம்ம ஊர் நியாயம் மட்டும் இங்கே வேண்டாம்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தானே, போதை ஏறாது இல்லையா?

கணக்குப் போடுவோம். ஓரிடத்தில் 5 ஒயின், நான்கு இடம் என்றால் 20 தடவை. 20 தடவை 30 மில்லி என்றால் 600 மில்லி. ஒரு முழு பாட்டில் 750 மில்லிதான். அதாவது தனி ஆளாக ஒரு பாட்டிலில் முக்கால் பங்குக்கு மேல் உள்ளே போயிருக்கும். ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். 13 சதவீத ஒயின் 30 மில்லியில் சுமார் 3 கிராம் இருக்கிறது. அப்படியானால் நாள் முடிவில் ஆறு டிரிங்க். போகப் போக வெயிலும் சேர்ந்துகொள்ளும். மதியச் சாப்பாட்டோடு ஒரு முழு கிளாஸ் இலவசம் என்று வைத்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதனால் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். நான்கு இட்லியோ இரண்டு தோசையோ உள்ளே இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிளாஸ் தண்ணீர். இன்னொரு விஷயம், தள்ளாடுகிறவருக்கு ஊற்றக்கூடாது என்பது இங்கே சட்டம். ஊற்றுகிறவர் “போதும்” என்று சொன்னால் அதோடு சரி, “நான் யார் தெரியுமா” எல்லாம் எடுபடாது. மருந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமே காரில் போனால் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான், ஓட்டுகிறவர் குடிக்காமல் இருந்தால். விக்டோரியாவில் முழு லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05க்குக் கீழே இருக்கவேண்டும். எல், பி போர்டு ஒட்டியவர்களுக்கு, அதாவது ஓட்டப் பழகுகிறவர்களுக்கும் புதிதாக லைசன்ஸ் வாங்கியவர்களுக்கும், பூஜ்யம். அந்தப் பக்கத்துச் சாலைகளில் ஞாயிறு மாலை போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்வது சர்வ சாதாரணம். குடிக்காத ஒரு அப்பாவி மச்சான் கிடைத்தால் காரில் போங்கள், இல்லாவிட்டால் டூர்.

நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. டூருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டி ஏற்றுகிற இடம் வரைக்கும் தங்கள் காரில் வந்து அங்கே நிறுத்திவிடுவார்கள். மாலையில் டூர் பஸ் அந்தக் காருக்குப் பக்கத்தில்தான் இறக்கி விடும். அப்புறம்? ரயிலில் வாருங்கள்.

பெரிய பஸ்ஸா, சின்ன வேனா?

சின்ன வேன். 40 பேர் இறங்கிப் பாத்ரூமுக்கு வரிசை கட்டினாலே அரை மணி நேரம் போய்விடும். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் ஊற்றுகிறவரிடம் நாலு கேள்வி கேட்கலாம். ஓட்டுநரே வழிகாட்டியும் ஆக இருப்பார், அந்த நாள் நன்றாக அமைவது அவர் கையில்தான்.

மதியச் சாப்பாடு எப்படி? நாங்கள் சைவம்.

பெரும்பாலும் ஒரு ஒயினரியின் உணவகத்திலேயே, கொடிகளைப் பார்த்த மாதிரி உட்கார வைப்பார்கள். ஒரு மெயின், ஒரு கிளாஸ் ஒயின், அல்லது நடுவில் பெரிய தட்டுகளை வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிற முறை. சைவம் என்று புக் செய்யும்போதே எழுதுங்கள், முந்தின நாள் போன் செய்தும் சொல்லுங்கள். முதல் தடவை நான் அப்படிச் செய்யாமல் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. மற்றவர்கள் தட்டில் ஆட்டுக்கறி ஆவி பறக்க, பெரியப்பா மகன் தட்டில் நாலு பீட்ரூட் துண்டு, மேலே கொஞ்சம் இலை, ஓரத்தில் ஒரு ஸ்பூன் சீஸ். அவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது அலங்காரமா, சாப்பாடா?” என்று கேட்டான். சொல்லி வைத்தால் காளான் ரிசோட்டோ, பூசணிக்காய் போட்ட பாஸ்டா என்று வயிறு நிறையவே தருவார்கள். மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்கள், ஹலால் பார்க்கிறவர்களும் இதே மாதிரி முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். பை ஓரத்தில் ஒரு பாக்கெட் முறுக்கு இருந்தாலும் குற்றமில்லை, ஷார்டனே என்கிற வெள்ளை ஒயினுக்கு அது நன்றாகவே சேரும்.

சரி, ஒயினே சைவமா?

நல்ல கேள்வி, பலர் கேட்காமல் விடுவது. திராட்சையும் ஈஸ்ட்டும்தான் என்றாலும், கலங்கலாக இருக்கிற ஒயினைத் தெளிய வைக்க சில இடங்களில் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனிலிருந்து எடுக்கிற ஒரு பொருள் இவற்றில் ஒன்றைப் போடுவார்கள். அது அடியில் படிந்ததும் ஒயினைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். ஒரு வகைக் களிமண்ணைப் போட்டும் தெளிய வைக்கலாம். முட்டை, பால் பயன்படுத்தியிருந்தால் ஒவ்வாமைக்காக பாட்டிலின் பின் லேபிளில் போட்டிருப்பார்கள். கண்டிப்பாகப் பார்க்கிறவர்கள், “வீகனா?” என்று ஒரே வார்த்தையில் கேளுங்கள், ஊற்றுகிறவருக்கு அது தெரிந்திருக்கும்.

குடிக்காதவர்கள் வந்தால் போரடிக்காதா? அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

என் அம்மா வந்தார். ஒரு சொட்டு தொடவில்லை. அன்று அதிகம் ரசித்தவர் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஏப்ரல் ஆரம்பம், அறுவடை ஏறக்குறைய முடிந்திருந்தது. வழிகாட்டி எங்கேயோ மிச்சமிருந்த ஒரு கருப்புத் திராட்சையை, பினோ நுவார் என்கிற ரகம், விரலால் நசுக்கி உள்ளங்கையில் காட்டினார். சாறு வெள்ளையாக இருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். நிறம் தோலில்தான் இருக்கிறது, தோலோடு ஊற விட்டால் சிவப்பு, உடனே பிழிந்து எடுத்துவிட்டால் அதே கருப்புத் திராட்சையில் வெள்ளை ஸ்பார்க்ளிங்கூடச் செய்யலாம் என்று அவர் சொல்ல, நான் மொழிபெயர்க்க, “பீட்ரூட் வேகவைத்தா தண்ணி சிவக்குற மாதிரி” என்று அம்மா முடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் என்னை விட்டு நாலு கேள்வி கேட்க வைத்தார்.

புக் செய்யும்போது குடிக்காதவர் என்று சொல்லுங்கள். சில டூர்களில் கட்டணத்தைக் குறைப்பார்கள்.

குழந்தைகள்?

பொது டூர்களில் பெரும்பாலும் 18 வயதுக்கு மேல்தான். தனி வேன் எடுத்தால் கூட்டிப் போகலாம், ஆனால் மூன்றாவது ஒயினரியில் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை? ஹீல்ஸ்வில்லில் கங்காருவும் பிளாட்டிபஸ்ஸும் இருக்கிற சரணாலயம் இருக்கிறது, அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள்.

எந்த மாதம் போகலாம்?

என்னைக் கேட்டால் மார்ச் கடைசி முதல் மே பாதி வரை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. ஒயினரி பக்கம் போனாலே புளித்த மாவு வாசனை மாதிரி ஒன்று அடிக்கும், வேலை நடப்பதை நேரில் பார்க்கலாம். ஏப்ரல் போகப் போக இலை மஞ்சளாகிச் சிவந்து கொட்டும். ஜனவரியில் பறவைக்குப் பயந்து கொடிகளுக்கு வலை போட்டிருப்பார்கள், போட்டோ சுமாராகத்தான் வரும், வெயில் 40 டிகிரி தொடுகிற நாளும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடியில் ஒரு இலை இருக்காது, வெறும் குச்சி. ஆனால் உள்ளே கணப்பு எரியும், கூட்டம் இருக்காது, ஊற்றுகிறவர் நின்று பேசுவார். முடிந்தால் வார நாளில் போங்கள்.

என்ன உடுத்திக்கொள்வது?

எது வேண்டுமானாலும், வெள்ளைச் சட்டையைத் தவிர. ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும். சென்ட் அடிக்காதீர்கள், தலையில் மல்லிகைப்பூவும் வேண்டாம், உங்கள் வாசனை பக்கத்தில் இருப்பவர் கிளாஸுக்குள்ளும் போகும். கிளம்புகிற நேரத்தில் பல் விளக்கினால் முதல் ஒயின் கஷாயம் மாதிரி இருக்கும்.

கொடிகளுக்கு நடுவில் நின்று போட்டோ எடுக்கலாமா?

கேட்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். இது வெறும் கெடுபிடி இல்லை. ஃபைலாக்ஸெரா என்று கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சி, செடிப்பேன் இனம், திராட்சை வேரில் உட்கார்ந்து சாறை உறிஞ்சிக் கொடியைச் சில வருடத்தில் கொன்றுவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது அதுதான். யாரா பள்ளத்தாக்கில் 2006இல் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது, பழைய கொடியைப் பிடுங்கிவிட்டு, பூச்சியைத் தாங்குகிற அமெரிக்க வேரில் ஒட்டுப் போட்ட கொடியைப் புதிதாக நடுவது ஒன்றுதான் வழி. அது பரவுவது எப்படி? வண்டிச் சக்கரத்தில், செருப்பில் ஒட்டின மண்ணில். காலையில் ஒரு தோட்டத்தில் நடந்த அதே ஷூவோடு மதியம் இன்னொரு தோட்டத்தில் இறங்குகிறவர்கள் யார்? டூரில் வருகிற நாம்தான். சில இடங்களில் ஷூவை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்வார்கள், சிரித்த முகத்தோடு முக்குங்கள். போட்டோவுக்கு வரிசையின் தலைப்பில், புல்லில் நின்றாலே போதும்.

அந்தத் திராட்சையைச் சாப்பிடலாமா?

கொடுத்தால் சாப்பிடுங்கள். சின்னதாக, தோல் தடித்து, கொட்டையோடு, எதிர்பார்த்ததைவிடத் தித்திப்பாக இருக்கும். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சையைத் தின்று வளர்ந்தவர்களுக்குக் கொட்டை புதிதில்லை. அந்தப் பன்னீரும் மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ஐரோப்பிய ரகம்தான்.

ஷாம்பெயின் கிடைக்குமா?

அந்தப் பெயரில் கிடைக்காது. பிரான்ஸில் ஷாம்பெயின் பகுதியில் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். ஆனால் அங்கே ஷாம்பெயின் செய்கிற பிரெஞ்சு நிறுவனமான மொயே எ ஷாண்டோன் 1986இல் கோல்ட்ஸ்ட்ரீமில் ஆரம்பித்த டொமைன் ஷாண்டோன் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது, செய்முறையும் அதேதான். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்க விட்டு, மண்டியைக் கழுத்துப் பக்கம் இறக்கி, அதை மட்டும் உறைய வைத்து வெளியே தள்ளுகிற முறை. நிறைய டூர்கள் இங்கே நிறுத்தும்.

இங்கே எந்த ஒயின் விசேஷம்?

குளிர் பிரதேசம் என்பதால் ஷார்டனேயும் பினோ நுவாரும். நம்மவர்கள் முதலில் பினோவைப் பார்த்துவிட்டு “என்னங்க, தண்ணியா இருக்கு” என்பார்கள். நிறம் மெலிதுதான், வாசனையைப் பாருங்கள். கனமாகத்தான் வேண்டும் என்றால் ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயினைக் கேளுங்கள், அதுவும் இங்கே கொஞ்சம் மிளகு வாசனையோடு வரும்.

இந்தத் தொழில் இங்கே எவ்வளவு பழசு?

மண் வுருன்ட்ஜெரி என்கிற பூர்வகுடி மக்களுடையது. 1838இல் ரைரி சகோதரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, கூடவே கொண்டுவந்த கொடிகளையும் நட்டார்கள். அந்த இடம்தான் யெரிங் ஸ்டேஷன், விக்டோரியாவின் முதல் திராட்சைத் தோட்டம், இன்றும் டேஸ்டிங் நடக்கிறது. பின்னால் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வந்து பெரிதாக்கினார்கள். 1889 பாரிஸ் கண்காட்சியில் யெரிங் ஒயின் பெரிய பரிசே வாங்கியது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பொருளாதாரம் சரிந்தது, ஜனங்களுக்கு ஸ்ட்ராங்கான இனிப்பு ஒயின்மேல் மோகம் வந்தது, 1920களில் இங்கே தொழிலே நின்று கொடி இருந்த இடத்தில் கறவை மாடு மேய்ந்தது. 1960களின் கடைசியில்தான் மறுபடி நட ஆரம்பித்தார்கள். ஆகவே “நூற்றாண்டு பாரம்பரியம்” என்று வழிகாட்டி சொன்னால் நடுவில் ஒரு நாற்பது வருடம் மாடு மேய்ந்ததையும் கேட்டுப் பாருங்கள், நல்ல வழிகாட்டியாக இருந்தால் சிரித்துவிட்டுச் சொல்வார்.

எவ்வளவு ஆகும்? டிப்ஸ் கொடுக்கவேண்டுமா?

சாப்பாடு, டேஸ்டிங் எல்லாம் சேர்த்து ஆளுக்கு சுமார் 150 முதல் 250 ஆஸ்திரேலிய டாலர். டேஸ்டிங் கட்டணம் உள்ளே அடங்குமா, மதிய ஒயின் அடங்குமா, மழை பெய்தால் என்ன, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.

பாட்டில் வாங்கியே ஆகணுமா? ஊருக்கு எத்தனை கொண்டுபோகலாம்?

வாங்காமல் வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிடித்தால் ஒன்று வாங்குங்கள், இரண்டாவது இடத்திலேயே பெட்டி பெட்டியாக ஆர்டர் செய்யாதீர்கள், அப்போது பேசுவது நீங்கள் இல்லை, ஒயின். இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. இரண்டு பாட்டில் என்றால் 1.5 லிட்டர், மூன்றாவது கணக்கைத் தாண்டிவிடும். கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள்தான். என் மைத்துனர் இரண்டு பாட்டிலையும் அப்பாவுக்கு வாங்கின ஸ்வெட்டரில் சுற்றி நடுவில் வைத்தார், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மூடி திருகு மூடியா என்று கவலைப்படாதீர்கள், இங்கே நல்ல ஒயினும் திருகு மூடியில்தான் வருகிறது. வெயிலில் நிற்கிற வேனில் மட்டும் விட்டுவிடாதீர்கள், கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.